அடங்கிய நோயும் அடங்காத நோயும்: மாற்று சிகிச்சைக்கு முன்னால் இரண்டு பரிசோதனைப் பாதைகள்

1990ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை இரண்டு அமெரிக்கர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் ஜோசப் மரே. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில், உருவமொத்த இரட்டையரில் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்ட அறுவை மருத்துவர். மற்றவர் ஈ. டொனால் தாமஸ். எலும்பு மஜ்ஜை மாற்றைப் பல்லாண்டு உழைப்பால் சிகிச்சையாக்கியவர். இளம் வயதில் இருவரும் பாஸ்டனில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள்.

அந்த 1954 அறுவைக்கு முன்பே ஒரு பரிசோதனை நடந்தது. இரட்டையர் உண்மையிலேயே உருவமொத்தவர்கள்தானா என்று அறிய ஒருவரின் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய தோல் உதிரவில்லை. அதன் பிறகே கத்தியைத் தொட்டார்கள். உடல் மறுக்காது என்ற உறுதி கிடைத்தது. ஆனால் அந்தத் தொடக்க கால இரட்டையர் மாற்றுகளிலேயே வேறொரு சிக்கல் தலைகாட்டியது. சிறுநீரகத்தை முதலில் கெடுத்த நோயே சிலருக்குப் புதிய சிறுநீரகத்திலும் திரும்பி வந்தது. உறுப்பை மாற்றலாம், நோய் உடலுக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? ஆட்டோ இம்யூன் நோய்கள் என்று மருத்துவர்கள் சொல்லும் தன்னுடல் தாக்கு நோய்களில் இந்தக் கேள்வி இன்றும் மையமாக நிற்கிறது.

மரேயின் வழியில் ஒன்றும் தாமஸின் வழியில் ஒன்றுமாக, இரண்டு மாற்று சிகிச்சைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தன்னுடல் தாக்கு நோய்களில் ஒன்றான லூபஸால் சிறுநீரகம் செயலிழந்தவருக்குச் செய்யும் சிறுநீரக மாற்று ஒன்று. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா நோய்க்குச் செய்யும் சுய ஸ்டெம் செல் மாற்று மற்றொன்று. இரண்டிலும் சிகிச்சைக்கு முன்பு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், பரிசோதனைகள் நடக்கும். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இதை ‘ஒர்க்கப்’ என்பார்கள். இதயப் பிரிவில் ஒரு கையெழுத்து, பல் பிரிவில் ஒரு கையெழுத்து என்று ‘ஃபிட்னஸ்’ வாங்கிவரச் சொல்லி அனுப்புவார்கள். சீட்டுகளைப் பார்த்தால் இரண்டு பாதையும் ஒன்று போலவே தெரியும்: ரத்தம், எக்கோ, ஸ்கேன், நுரையீரல், பல், காசநோய். அந்தச் சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளோ பல இடங்களில் நேர் எதிரானவை. அதை நோயாளியிடம் யாராவது உட்கார்ந்து சொன்னால், பயத்தில் பாதி குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நோய் எந்த நிலையில் இருக்க வேண்டும்?

லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கியவர்களில் 10 முதல் 30 சதவீதம் பேருக்குக் காலப்போக்கில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது. மாற்று அறுவைக்குத் தயாராகும் அவர்களிடம் மருத்துவர் முதலில் பார்ப்பது, லூபஸ் அடங்கியிருக்கிறதா என்பதை. மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். குறைந்த அளவு மருந்திலேயே உடல் அமைதியாக இருக்க வேண்டும். ரத்தத்தில் சி3, சி4 என்னும் புரதங்களின் அளவையும் டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருளின் அளவையும் பார்ப்பார்கள். நோய் கொதித்துக்கொண்டிருக்கும் உடலில் புதிய சிறுநீரகத்தை வைப்பது அதை வலியப் போய் ஆபத்தில் விடுவதாகும்.

ஸ்டெம் செல் மாற்றில் இது தலைகீழ். இங்கே மாற்றப்படுவது உறுப்பன்று, உறுப்பைத் தாக்கும் எதிர்ப்பாற்றல். நோயாளியின் ரத்தத்திலிருந்து, ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து உறைய வைத்துவிட்டு, கடுமையான மருந்துகளால் பழைய எதிர்ப்பாற்றலைத் துடைத்து, பிறகு அந்தச் செல்களையே திருப்பி ஏற்றுகிறார்கள். இதற்கு நோய் தீவிரமாக முன்னேறிக்கொண்டிருக்க வேண்டும். தோலின் இறுக்கத்தை உடலின் 17 இடங்களில் விரலால் கிள்ளிப் பார்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவார்கள், மொத்தம் 51. அமெரிக்காவில் நடந்து 2018இல் முடிவு வெளியான ‘ஸ்காட்’ ஆய்வில் சேர இந்த மதிப்பெண் 16க்குக் குறையக் கூடாது, நோய் தொடங்கி 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. நுரையீரல் பாதிப்பின் பேரில் சேர்பவருக்கு மூச்சின் கொள்ளளவோ வாயுவைக் கடத்தும் திறனோ இயல்பில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கொள்ளளவு 45க்குக் கீழேயோ, கடத்தும் திறன் 40க்குக் கீழேயோ போய்விட்டால் சேர முடியாது.

இந்த இடைவெளியை நோயாளிகள் புரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சையின் ஆபத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு நோய் முற்றியிருக்க வேண்டும்; அதைத் தாங்கும் அளவுக்கு உடலில் வலு மிச்சமிருக்க வேண்டும். “இவ்வளவு மோசமாக இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?” என்று ஒரு குடும்பமும், “இன்னும் நன்றாகத்தானே இருக்கிறேன், ஏன் அவசரப்படுத்துகிறார்கள்?” என்று இன்னொரு குடும்பமும் கேட்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஒரே எக்கோ, இரண்டு பொருள்

இரு பாதைகளிலும் மிக நுணுக்கமான சோதனை இதயத்துக்குத்தான்.

ஸ்க்ளீரோடெர்மாவில் இதயத் தசையிலும் நுரையீரல் ரத்தக் குழாய்களிலும் வெளியே தெரியாமல் இறுக்கம் பரவியிருக்கக்கூடும். பழைய எதிர்ப்பாற்றலைத் துடைக்கத் தரும் சைக்ளோபாஸ்பமைடு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 200 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் போகிறது. அது இதயத்தையும் பாதிக்கும். சிறுநீர்ப்பையைக் காக்க லிட்டர் கணக்கில் திரவமும் ஏற்றுவார்கள். அந்த வெள்ளத்தை இதயம் தாங்குமா என்பதே கேள்வி. அதற்கு எக்கோ மட்டும் போதாது. கழுத்து அல்லது தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கம் செலுத்தி, நுரையீரல் தமனியின் அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். பிறகு அரை முதல் ஒரு லிட்டர் உப்பு நீரைப் பத்தே நிமிடத்தில் ஏற்றி மீண்டும் அளப்பார்கள். ஐரோப்பியப் பரிந்துரைப்படி சராசரி அழுத்தம் முதலில் 25க்கோ, நீர் ஏற்றிய பின் 30க்கோ மேலே போனால் மாற்று ஆபத்தானது. சிகிச்சையின்போது நடக்கப்போவதைச் சிறு அளவில் முன்கூட்டியே நடத்திப் பார்க்கும் சோதனை இது. கூடவே இதய எம்.ஆர்.ஐ. எடுத்துத் தசையின் தழும்பைத் தேடுவார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு உயிர்களே சான்று. 2014இல் முடிவு வெளியான ஐரோப்பிய ‘ஆஸ்டிஸ்’ ஆய்வில் 156 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஸ்டெம் செல் மாற்றுக்கு ஒதுக்கப்பட்ட 79 பேரில் 8 பேர் முதல் ஆண்டிலேயே சிகிச்சை தொடர்பான காரணங்களால் இறந்தார்கள். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட மாற்று செய்துகொண்டவர்களே கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். 2013இல் 90 நோயாளிகளைப் பின்னோக்கி ஆராய்ந்த ரிச்சர்டு பர்ட் குழுவினர், சிகிச்சையால் நேர்ந்த 5 மரணங்களில் 4 இதயம் தொடர்பானவை என்று கண்டார்கள். வலப்பக்க இதயச் சோதனைக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் அழுத்தம் வந்தது அதன் பிறகுதான். ஸ்காட் ஆய்வில் சிகிச்சை தொடர்பான மரணம் 54 மாதங்களில் 3 சதவீதமாக இருந்தது. மருந்து முறை வேறு என்பதும் இதற்குக் காரணம். ஆட்களைத் தேர்ந்தெடுத்த கண்டிப்புக்கும் இதில் பங்குண்டு. ஆக, அந்தக் குழாய்ச் சோதனைக்கு முன்னோடிகளின் உயிர் விலையாகப் போயிருக்கிறது.

லூபஸ் நோயாளியின் இதயத்தில் தேடுவது வேறு. பல ஆண்டு அழற்சியும் ஸ்டீராய்டும் ரத்தக் குழாய்களை வயதுக்கு முன்பே அடைத்துவிடுகின்றன. லூபஸ் உள்ள 35 முதல் 44 வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுப் பிற பெண்களைவிட 50 மடங்குக்கு மேல் என்று 1997இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வு காட்டியது. ஆகவே முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஆஞ்சியோ எழுதித்தருவது மிகையான எச்சரிக்கை ஆகாது. அதே சமயம், டயாலிசிஸில் இருப்பவரின் எக்கோவில் இதயத்தின் வலு குறைவாகத் தெரிந்தால் அது மட்டுமே கதவை மூடிவிடாது. உடலில் தேங்கிய நீரும் கழிவும் இதயத்தைத் தளர்த்தியிருக்கலாம். சிறுநீரகம் மாறிய பின் அது மீண்டுவருவதுண்டு. ஒரே தாளில் ஒரே எண். ஸ்க்ளீரோடெர்மா நோயாளிக்கு அது ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். லூபஸ் நோயாளிக்கு ‘சீக்கிரம் செய்யுங்கள்’ என்றும் சொல்லலாம். ரிப்போர்ட்டைப் பக்கத்துப் படுக்கைக்காரருடையதோடு ஒப்பிட்டுக் கலங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கொடுப்பவர் யார்?

சுய ஸ்டெம் செல் மாற்றில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. ரத்த வகைப் பொருத்தம், நோயாளியின் ரத்தத்தைக் கொடையாளரின் செல்களோடு கலந்து பார்க்கும் கிராஸ் மேட்ச், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு எதுவும் தேவையில்லை. போதுமான ஸ்டெம் செல் கிடைக்குமா, அதை எடுக்க ரத்தக் குழாய் கிடைக்குமா என்பதே கவலை. இறுகிய தோலில் ஊசி ஏற்றுவதே பாடு. குளிரில் வெளுத்துப்போகும் விரல்களில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் சரியாகக் காட்டாது. காதிலோ நெற்றியிலோ வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வாயும் சுருங்கியிருப்பதால் பல் மருத்துவருக்குச் சொத்தையைத் தேடுவதே பெரும்பாடு. இரைப்பையின் உட்சுவரில் ரத்தக் குழாய்கள் புடைத்துச் சிவந்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பியில் பார்ப்பார்கள். தட்டணுக்கள் சரியும் நாட்களில் அங்கிருந்து ரத்தம் கசிந்தால் நிறுத்துவது கடினம்.

சிறுநீரக மாற்றில் இன்னொரு மனிதர் உள்ளே வருகிறார். பரிசோதனை இரண்டு உடல்களுக்கு நடக்கிறது. அதோடு ஒரு குடும்பமே சோதிக்கப்படுகிறது. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கணவர் கொடுக்க முன்வந்தாலும், அவருடைய குழந்தையைச் சுமந்தபோது அவருடைய திசு வகையைக் காட்டும் எச்.எல்.ஏ. அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மனைவியின் ரத்தத்தில் உருவாகியிருக்கலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இது நேரும். லூபஸில் இன்னொரு குழப்பமும் உண்டு. தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் கிராஸ் மேட்சில் புகுந்து, பொருந்தும் கொடையாளரையும் பொருந்தாதவர் போலக் காட்டிவிடும். அதனால் நோயாளியின் ரத்தத்தை அவருடைய செல்களோடே கலந்து பார்க்கும் சோதனையையும் சேர்த்துச் செய்கிறார்கள். அக்காவோ தங்கையோ கொடுக்க வந்தால் அவருக்கும் லூபஸின் அறிகுறி உண்டா என்று பார்ப்பார்கள். கொடுப்பவரை நாளைய நோயாளியாக்கிவிடக் கூடாது என்ற பொறுப்பு அது.

பாஸ்பாலிப்பிட் எதிர்ப்பொருள் சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். லூபஸ் நோயாளிகளில் கணிசமானோருக்கு இவை இருக்கும். இருந்தால், தைத்த சில மணி நேரத்திலேயே புதிய சிறுநீரகத்தின் ரத்தக் குழாய் உறைந்துபோகும் ஆபத்துண்டு. 12 வார இடைவெளியில் இருமுறை பார்த்தே முடிவு சொல்வார்கள். “ஒரு தடவை எடுத்த டெஸ்ட்டையே திரும்ப எழுதுகிறார்கள்” என்று பலர் சலித்துக்கொள்வது இதைத்தான். முன்பே தெரிந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோடு அறுவையைத் திட்டமிடலாம்.

சட்டமும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. பின்னர் பெருகிய சிறுநீரக வணிகத்தைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. 2011 திருத்தம் நெருங்கிய உறவினர் பட்டியலில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. பொருந்தாத இரண்டு ஜோடிகள் கொடையாளரை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. இந்தியாவில் உயிருடன் உறுப்பு தருபவர்களில் பெரும்பாலோர் மனைவியரும் தாய்மாரும். லூபஸில் நோயாளியே பெரும்பாலும் பெண் என்பதால், கொடுக்கும் முறை கணவருக்கும் அண்ணன் தம்பிக்கும் வருகிறது. அங்கே பல வீடுகளில் கனத்த மௌனம் நிலவுகிறது. அந்த மௌனத்தைக் கண்டிக்க எனக்குத் தயக்கமில்லை. பெண் கொடுப்பது கடமை, ஆண் கொடுப்பது தியாகம் என்ற கணக்கு மாற வேண்டும்.

கிருமி, தடுப்பூசி, குழந்தை

காசநோய், மஞ்சள் காமாலை பி மற்றும் சி, எச்.ஐ.வி., சைட்டோமெகலோ வைரஸ் ஆகிய சோதனைகள் இரு பாதைக்கும் பொது. நம் நாட்டில் உள்ளுறங்கும் காசநோயைத் தேடாமல் எதிர்ப்பாற்றலைக் குறைப்பது பெரும் தவறு. ஏற்கெனவே மருந்தில் இருப்பவரின் உடல் தோல் ஊசிச் சோதனைக்குப் பதில் சொல்லாமலும் போகலாம் என்பதால் மார்பு ஸ்கேனையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தடுப்பூசியில் பாதைகள் பிரிகின்றன. சிறுநீரக மாற்றுக்குப் போகிறவர் போட வேண்டியதை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்; உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைப் பிறகு போட முடியாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மஞ்சள் காமாலை பி ஊசி இரட்டை அளவில் தரப்படுகிறது. ஸ்டெம் செல் மாற்றிலோ பழைய தடுப்பூசிகளின் நினைவும் பெருமளவு அழிகிறது. குழந்தைப் பருவ ஊசிகளைப் பின்னர் மறுபடியும் போட வேண்டும்.

குழந்தைப்பேறு பற்றிய பேச்சு இரண்டு பாதையிலும் பெரும்பாலும் தாமதமாகவே வருகிறது. சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையைப் பாதிக்கும். ஸ்டெம் செல் மாற்றுக்கு முன்பே கருமுட்டையையோ விந்தணுவையோ உறைய வைப்பது பற்றிப் பேசியாக வேண்டும். மணமாகாத இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம் இதைப் பேசத் தயங்கி, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநீதி. சிறுநீரக மாற்றில் நிலைமை வேறு: டயாலிசிஸில் நின்றுபோன மாதவிடாய் மாற்றுக்குப் பின் திரும்பலாம். அதனால் முதல் ஆண்டில் கருத்தடையும், பிறகு கருவைப் பாதிக்கும் மைக்கோபினோலேட் மருந்தை மாற்றுவதும் திட்டமிடப்பட வேண்டும். ஒரு பாதையில் தாய்மைக்கான வாய்ப்பைச் சேமித்து வைக்கும் பேச்சு; இன்னொன்றில் திரும்பிவரும் வாய்ப்புக்கு நாள் குறிக்கும் பேச்சு.

‘வேண்டாம்’ என்ற பதில்

சிறுநீரக மாற்றில் ‘வேண்டாம்’ என்பது பெரும்பாலும் ‘இப்போது வேண்டாம்’. லூபஸ் அடங்கட்டும், பல் சீழ் ஆறட்டும், இதயக் குழாயைச் சரிசெய்வோம், பிறகு வாருங்கள் என்பது பொருள். காத்திருக்க டயாலிசிஸ் இருக்கிறது. ஆனாலும் தேவையின்றி நீளும் காத்திருப்பு கொல்லும். அமெரிக்காவில் லூபஸால் சிறுநீரகம் இழந்த 9,659 பேரின் தரவை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை, மாற்று பெற்றவர்களுக்கு இறப்பு ஆபத்து 70 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. லூபஸ் திரும்பிவிடும் என்ற அச்சமும் அளவுக்கு மிஞ்சியதே: 6,850 பேரைப் பார்த்த 2010 ஆய்வில், புதிய சிறுநீரகத்தில் நோய் திரும்பியதாகப் பதிவானது 2.44 சதவீதம் பேருக்கு மட்டும்.

ஸ்டெம் செல் மாற்றில் ‘வேண்டாம்’ பல நேரம் நிரந்தரமானது. இறுகிய இதயமும் நுரையீரலும் காத்திருந்தால் இளகுவதில்லை. ஆகவே இங்கே பரிசோதனைக்கு அனுப்புவதில் ஏற்படும் தாமதமே பெரிய பிழை. முதல் சில ஆண்டுகளுக்குள், நுரையீரல் அறிக்கையில் சரிவு தெரிந்த உடனே, மாற்று மையத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அங்கே மறுத்துவிட்டால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலுவற்ற இதயத்தோடு சிகிச்சை அறைக்குள் போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார் என்பதே அந்த மறுப்பின் பொருள். மாத்திரைகளோடும் நுரையீரல் மருந்துகளோடும் வாழும் வழி அவருக்கு மிச்சமிருக்கிறது.

மனநலக் கேள்விகளும் இதையொட்டியே பிரிகின்றன. ஸ்டெம் செல் மாற்றில் சில வாரத் தனிமை, முடி உதிர்வு, தொற்று ஆகியவற்றைத் தாங்கத் துணை இருக்கிறதா என்று கேட்பார்கள். முடிந்த பின் நோய் மருந்துகளை நிறுத்துவதே இலக்கு. சிறுநீரக மாற்றிலோ ஆயுள் முழுக்க, தவறாமல், குறித்த நேரத்தில் மாத்திரை போட முடியுமா, அதற்கு மாதாமாதம் பணம் வருமா என்று கேட்பார்கள். சமூகப் பணியாளர் வீட்டு வருமானத்தைத் துருவிக் கேட்பதை அவமானமாக எண்ண வேண்டாம். மாத்திரை வாங்கப் பணமில்லாமல் நின்றுபோகும் சிறுநீரகம், இரண்டு மனிதர்களின் இழப்பு.

ஒப்பீடு தருவது

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மாற்று சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை என்பது பாஸ், ஃபெயில் போடும் பரீட்சை கிடையாது. இந்த நோய்க்கு, இந்த உடலுக்கு, இந்த நேரத்தில் எந்த ஆபத்து பெரியது என்று தேடும் வேலை அது. முதல் சோதனை நாளிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. ஒரு பாதை நோயின் தீவிரத்தையும் உடலின் வலுவையும் ஒருசேரக் கேட்கிறது. இன்னொன்று நோயின் அடக்கத்தையும் பிறர் உறுப்பை ஏற்கும் பக்குவத்தையும் கேட்கிறது. அதனால் ஒருவருக்குச் சரியான அறிவுரை மற்றவருக்குத் தவறாகிவிடும். ‘பொறுத்திருங்கள்’ என்பது லூபஸ் நோயாளியைக் காக்கலாம். ஸ்க்ளீரோடெர்மா நோயாளியின் வாய்ப்பை அதுவே பறித்துவிடும்.

மருத்துவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் எளியது: ஒவ்வொரு சீட்டிலும் அந்தச் சோதனையின் காரணத்தைத் தமிழில் ஒரு வரி எழுதிக்கொடுங்கள். நோயாளிகளும் குடும்பத்தாரும் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஆபத்தைத் தேடி இதைச் செய்கிறீர்கள்? முடிவு மோசமாக வந்தால் திட்டத்தில் என்ன மாறும்? இவற்றுக்குப் பதில் தெரிந்த நோயாளி சிகிச்சைக்கான ஒப்புதல் தாளில் கையெழுத்திடும்போது, தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று அறிந்தே கையெழுத்திடுவார். அந்த அறிவு அவருக்கு உரிமையானது. அதைக் கேட்டு வாங்க அவர் கூச வேண்டியதே இல்லை.